சாலையல்லாத சாலைகள்



கவிஞர்கள் கூடிய அவையில் பனிக்கும் பாறைக்கும் என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. நிலத்தைப் படிப்பது கவிஞர்க்கும் அறிவியலார்க்கும் பொதுவான தொழில். அவ்வாறு படித்த பேரறிஞர் ஒருவர் பிழைபட்ட வரலாறு ஒன்று உண்டு. அந்தப் பிழையும், அதனை அவர் ஏற்றுக்கொண்ட பண்பும் இவ்வவையின் சிந்தனைக்கு உரியன.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், லோகாபர் வட்டாரத்தில், ராய் என்னும் சிற்றாறு ஓடி ஸ்பீன் ஆற்றில் கலக்கிறது. கிளென் ராய் எனப்படும் அதன் பள்ளத்தாக்கின் இருபுறச் சரிவுகளிலும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோடுகள் காணப்படுகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 260, 325, 350 மீட்டர் உயரங்களில், மலையின் ஒவ்வொரு வளைவையும் தழுவியபடி அவை கிடைமட்டமாகவே செல்கின்றன. தொலைவிலிருந்து காண்போர்க்கு வெட்டிய சாலைகளாகவே தோன்றும். ஃபிங்கல் என்னும் தொன்மத் தலைவன் வேட்டைக்காக அமைத்த சாலைகள் அவை என்பது அந்நாட்டு மக்கள் வழக்கு. ‘இணைச் சாலைகள்’ என்னும் பெயரும் நிலைத்துவிட்டது. ஆயினும் அவை சாலைகள் அல்ல. நீர் நின்ற கரைகள். எந்த நீர் என்பதே வழக்கு.

அங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்தது என்றார் தாமஸ் டிக் லாடர். 1818இல் அறிஞர் அவையில் தம் கருத்தை வைத்த அவர், கரைக்கோட்டின் உயரமும் மலைக்கணவாயின் உயரமும் ஒத்திருப்பதைச் சுட்டினார். ஏரி நிரம்பினால் கணவாய் வழியே வழியும். வழியும் மட்டத்தில் கரை அமையும். தருக்கம் நேரானது. குறை ஒன்றே: பள்ளத்தாக்கின் வாய் திறந்து கிடக்கிறது. நீரைத் தேக்கிய அணை எங்கே?

1838இல் சார்லஸ் டார்வின் அங்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 29. பீகிள் கப்பற்பயணம் முடித்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தென் அமெரிக்காவில், சிலி நாட்டுக் கடற்கரை நிலநடுக்கத்தால் மேலெழுந்ததை அவர் நேரில் கண்டவர். அந்தக் காட்சி கண்ணைவிட்டு அகலவில்லை. மண்ணாலோ கல்லாலோ ஓர் அணை இருந்திருந்தால் அதன் எச்சம் இருக்க வேண்டும்; எச்சம் இல்லை; எனவே ஏரி இல்லை; ஏரி இல்லையெனில் அது கடலே என முடிவு கட்டினார். கடலென்றால் சிப்பிகள் எங்கே? அவை நாளடைவில் கரைந்து போயிருக்கும் என்று அமைதி கண்டார். 1839இல் விரிவான கட்டுரையாக அதனை வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே, 1840இல், ஸ்விட்சர்லாந்தின் லூயி அகாசி அங்கே வந்தார். ஆல்ப்ஸ் மலையில், அலெட்ஷ் பனியாற்றின் ஓரத்தில், பனியே அணையாக நின்று நீரைத் தேக்கும் மார்யெலன் ஏரியை அறிந்தவர் அவர். கிளென் ராயைக் கண்டதும் அவருக்கு விடை கிடைத்தது. அணை இருந்தது, அது பனியால் ஆனது. உருகியதும் தானும் நீராகிப் போனது. எச்சம் இல்லாமையே அதன் இயல்பு.

பனியாறு முற்றிலும் தடம் விடாமல் செல்வதும் இல்லை. ஓடும் நீர் கொண்டுவரும் பொருளைப் பருமை, நுண்மை எனப் பிரித்து இடும். பனியோ பாறையும் கூழாங்கல்லும் மணலும் களியும் ஒன்றாய்க் கலந்தபடியே இறக்கிவிட்டுப் போகும். அத்தகைய மேடுகளும், உராய்வால் கீறல் விழுந்த பாறைகளும் அவ்வட்டாரத்தில் உள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்த கண் அப்போது அரிதாயிருந்தது.

இன்றைய ஆய்வு இதனைத் தெளிவாக்கியுள்ளது. இற்றைக்கு ஏறத்தாழ 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்வரை ஒரு கடுங்குளிர்க் காலம் மீண்டது. பனியாறுகள் முன்னேறிப் பள்ளத்தாக்கின் வாயை அடைத்தன. பனி முன்னேறுந்தோறும் தாழ்ந்த கணவாய்கள் மூடப்பட்டன. ஏரி 260இலிருந்து 325க்கும் 350க்கும் உயர்ந்தது. பனி பின்வாங்கியபோது அதே படிகளில் இறங்கியது. ஏரியின் அடியில் கோடையில் ஒரு பருமண் ஏடும், குளிர்காலத்தில் ஒரு நுண்களி ஏடுமாக ஆண்டுதோறும் ஓரிணை படிந்தது. அவற்றை எண்ணி, அந்த ஏரிகள் நிலைத்தது ஏறத்தாழ 500 ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர். சேறு எழுதிய நாட்குறிப்பு அது.

டார்வின் உடனே இணங்கவில்லை. இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தம் கருத்தைப் பற்றி நின்றார். 1861இல் தாமஸ் ஜேமிசன் அப்பள்ளத்தாக்கை ஆராய்ந்து தந்த சான்றுகளுக்குப் பின்னரே, தாம் முழுவதும் பிழைபட்டதாகத் தம் நண்பர் லயலுக்கு எழுதினார். அதற்குள் அவர் ‘உயிரினங்களின் தோற்றம்’ எழுதிப் புகழடைந்துவிட்டார். இளமையில் எழுதிய கட்டுரையை உலகம் மறந்துவிடும் என்று வாளா இருந்திருக்கலாம். அவரோ 1876இல் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றிலும் அதைப் பெருந்தோல்வி எனப் பதிந்தார். தெரிந்த காரணங்களை ஒவ்வொன்றாய் விலக்கி, எஞ்சியதே உண்மை என்று கொள்ளும் முறையை நம்பலாகாது எனத் தாம் கற்ற பாடத்தையும் சொல்லிவைத்தார்.

இங்கேதான் கவிஞர்க்கு உரிய செய்தி இருக்கிறது. டார்வின் பொய் காணவில்லை. தாம் முன்பு கண்ட மெய்யொன்றை மற்றொரு நிலத்தின்மேல் ஏற்றிக் கண்டார். சிலியின் கடல் ஸ்காட்லாந்தின் மலையை மறைத்தது. ஒரு கவிதைக்கு வாய்த்த உவமை அடுத்த கவிதையின் காட்சியை மறைப்பதும் இவ்வாறே. சிதைந்த ஏட்டில் விடுபட்ட சொல்லை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியர்க்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தமக்குத் தெரிந்த சொற்களுள் பொருந்துவது ஒன்றே என்பதால், அதுவே மூலச்சொல் ஆகிவிடாது. தெரியாத சொல் ஒன்றும் இருந்திருக்கலாம்.

பத்தாண்டுகள் ஒருவர் எழுத்தை மற்றவர் திருத்திக் கூடியிருந்த வட்டம் இது. “அன்று சொன்னது பிழை” என்று சொல்லும் துணிவு நிலைக்குமிடத்தில் இலக்கியம் நிலைக்கும். அணை உருகிப் போனது. கரைக்கோடுகள் இன்றும் நிற்கின்றன.