ஜெனரேட்டர் வாங்கும் முன்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது, பல ஊர்களில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தது ஜெனரேட்டர்தான். அடுப்பு முதல் மோட்டார் வரை எல்லாமே மின்சாரம் என்றாகிவிட்ட வீட்டுக்கு அது தேவைதான். ஆனால் வாட்ஸைக் கூட்டிப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். 1 ஹெச்.பி. மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பையும் கீசரையும் ஒரே நேரத்தில் போடாமலிருந்தால் சின்ன ஜெனரேட்டரே போதும்.

அதைவிட முக்கியம் இணைப்பு. பிளக் பாயிண்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றவே கூடாது. அது மீட்டரைத் தாண்டி டிரான்ஸ்பார்மருக்குப் போய், 230 வோல்ட் 11,000 வோல்ட்டாகி, கம்பத்தில் நமக்காகவே ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரைப் பறித்துவிடும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். ஜெனரேட்டரை வராந்தாவில்கூட வைக்காதீர்கள். ஜன்னலை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிற்கட்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.