இணைய வாசலுக்கும் காவல் வேண்டும்

(தோட்ட மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நல நிகழ்ச்சியில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

விடியுமுன் எழுந்து பால் வெட்டி, வெயில் ஏறியபின் பாலைச் சுமந்து வந்து நிறுவையில் சேர்த்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய மாலை வேளையில் இங்கே கூடியிருக்கிறீர்கள். ஆதலால் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு விடைபெற விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் முதியவர் ஒருவர் இருக்கிறார். 55 வயது நிறைந்ததும் அவர் தம் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வங்கியில் போட்டு வைத்திருந்தார். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்படி ஒரு நாள் மகளிடம் சொன்னார். படிவம் மூன்றில் பயிலும் அந்தப் பிள்ளை வீட்டுக் கணினியில் வங்கியின் பெயரைத் தட்டித் தேடினாள். முதலில் வந்து நின்ற வரியை அழுத்தினாள். அதே நிறம், அதே சின்னம், அதே எழுத்து. கேட்ட விவரங்களையெல்லாம் கொடுத்தாள். அன்று மாலைக்குள் 8,000 ரிங்கிட் போய்விட்டது. அவள் அழுத்திய வரி வங்கியினுடையது அன்று. எவனோ காசு கொடுத்து முதலிடத்தில் வைத்த விளம்பரம். அதற்குப் பின் அந்தப் பிள்ளை பல நாள் சரியாக உண்ணவில்லை என்று அவள் தாயார் என்னிடம் சொன்னார்.

தவறு அந்தப் பிள்ளையுடையதா? இல்லை. காவலில்லாத வாசலில் ஒரு சிறுமியை நிறுத்திவிட்டு, திருடனை அடையாளம் கண்டுகொள் என்று நாம் எதிர்பார்த்தோம். அதுவே தவறு.

விளம்பரம் வழியே வரும் நோய்

"நாங்கள் கெட்ட பக்கங்களுக்குப் போவதில்லை, எங்களுக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ், பி.பி.சி. போன்ற பெயர் பெற்ற செய்தி நிறுவனங்களின் அகப்பக்கங்களிலேயே நச்சு விளம்பரங்கள் புகுந்துவிட்டன. அவற்றை அந்நிறுவனங்கள் விரும்பி வைக்கவில்லை. விளம்பர இடத்தை வாங்கி விற்கும் இடைத்தரகர்களின் வழியே அவை நுழைந்தன. 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. புலனாய்வுத் துறை, தேடல் விளம்பரங்களின் மூலம் மோசடிக்காரர்கள் நிறுவனங்களைப்போல் வேடமிடுகிறார்கள் என்று எச்சரித்தது. விளம்பரத் தடுப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள் என்றும் பொதுமக்களுக்கு அறிவுரை கூறியது.

வெள்ளை வேர் நோய் கண்ட மரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவதை நீங்கள் அறிவீர்கள். நோய் அடுத்த மரத்திற்குச் சென்றபின் வெட்டிப் பயனில்லை. இணையத்திலும் அவ்வாறே முன்கூட்டித் தடுப்பதே அறிவுடைமை.

பெயரும் எண்ணும்

தடுப்பது எப்படி என்று அறிய, இணையம் எவ்வாறு வழி கண்டுபிடிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் இருக்கிறது. உங்கள் பெயரைச் சொன்னதும் கிராணி அதைப் புரட்டி உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்கிறார். இணையமும் அப்படித்தான். ஒவ்வோர் அகப்பக்கத்திற்கும் நாம் தட்டும் பெயர் ஒன்று. கணினி தேடிப்போகும் எண் ஒன்று. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டிற்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் இதனை வகுத்தார். உங்கள் வீட்டில் இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் டி.என்.எஸ். கிராணியிடமே உங்கள் கணினி வழக்கமாக எண் கேட்கிறது.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தக் கிராணியிடம் மோசடிக்காரர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றும் இருந்தால்? அப்பெயர்களில் ஒன்றை யார் கேட்டாலும் அவர் எண்ணைச் சொல்லமாட்டார். எண் கிடைக்காத கணினி அங்கே போக முடியாது. பிள்ளை தவறி அழுத்தினாலும் கதவு திறக்காது. இதுவே நாம் அமைக்க வேண்டிய காவல்.

வீட்டிற்கு ஒரே காவல்

இத்தகைய காவல் செய்யும் சேவைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. குவாட்9 என்பது இலாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் சேவை. அதன் எண்கள் 9.9.9.9, 149.112.112.112. இது நச்சுப் பக்கங்களைத் தடுக்கும், விளம்பரங்களைத் தடுக்காது. விளம்பரங்களையும் சேர்த்துத் தடுக்க ஆட்கார்ட் டி.என்.எஸ். உள்ளது. அதன் எண்கள் 94.140.14.14, 94.140.15.15. ஆபாசப் பக்கங்களும் பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாது என்று எண்ணும் பெற்றோர் கிளவுட்பிளேர் நிறுவனத்தின் 1.1.1.3, 1.0.0.3 என்னும் எண்களைப் பயன்படுத்தலாம். இவற்றுள் ஏதேனும் ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இந்த எண்களை வைஃபை பெட்டியில், அதாவது ரூட்டரில், ஒரு முறை பதித்துவிட்டால் அதன்வழி இணையும் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் அதுவே காவலாகும். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். உலாவியின் முகவரிக் கட்டத்தில் அதைத் தட்டினால் பெட்டியின் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே டி.என்.எஸ். என்று உள்ள இடத்தில் முதலாவது, இரண்டாவது என இரு எண்களையும் எழுதிச் சேமித்துப் பெட்டியை அணைத்து மீண்டும் எரியவிட வேண்டும். பழைய எண்களை முன்னதாகவே ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஏதேனும் கோளாறு என்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். சில பெட்டிகளில் இந்த மாற்றத்திற்கு இடமிராது. அப்போது ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே பதிக்கலாம்.

அதே வேளையில் பெட்டியின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். இதற்கு வலுவான காரணம் உண்டு. எஸ்தோனியா நாட்டுக் கும்பல் ஒன்று உலகெங்கும் சுமார் 4 மில்லியன் கணினிகளில் இந்த டி.என்.எஸ். எண்களைத் திருட்டுத்தனமாக மாற்றி, மக்களைத் தன் விளம்பரங்களின் பக்கம் திருப்பிப் பணம் பறித்தது. 2011ஆம் ஆண்டு நவம்பரில் அக்கும்பல் பிடிபட்டது. நல்ல கிராணியை வைத்தால் காவல். கள்ளக் கிராணி புகுந்தால் வீடே அவன் கையில். ஆகவே முன்பின் தெரியாதவர் சொல்லும் எண்களை ஒருபோதும் பதிக்காதீர்கள்.

கைப்பேசிக்கும் உலாவிக்கும்

கைப்பேசியைத் தோட்டத்துக்கு வெளியே எடுத்துச் சென்றால் வீட்டுப் பெட்டியின் காவல் கூடவே வராது. ஆண்ட்ராய்டு 9 முதலான கைப்பேசிகளில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்னும் அமைப்பு உண்டு. அங்கே எண்ணுக்குப் பதிலாகச் சேவையின் பெயரை எழுத வேண்டும். குவாட்9 சேவைக்கு, 'டி.என்.எஸ்.' என்னும் மூன்று எழுத்து, ஒரு புள்ளி, 'குவாட்9', ஒரு புள்ளி, 'நெட்' என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதினால் போதும்.

கணினியின் உலாவியில் யுபிளாக் ஆரிஜின் என்னும் இலவசக் கருவியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பயர்பாக்ஸ் உலாவியில் அது முழுமையாக இயங்கும். குரோம் உலாவியில் அதன் 'லைட்' வடிவம் கிடைக்கும். ஆனால் பெயரைச் சரிபார்த்தே சேர்க்க வேண்டும். விளம்பரத் தடுப்பு என்று பெயர் சூட்டிக்கொண்ட போலிக் கருவிகள் 2018ஆம் ஆண்டில் குரோம் கடையிலேயே கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்பட்டன.

காவல் காக்க முடியாதவை

காவல்காரர் எத்தனை கெட்டிக்காரரானாலும் அவருக்குத் தெரியாத முகத்தை நிறுத்தமாட்டார். நேற்றுத் தோன்றிய மோசடிப் பக்கம் பட்டியலில் ஏறச் சிறிது காலம் ஆகும். யூடியூப் விளம்பரங்கள் காணொளி வரும் வழியிலேயே வருவதால் டி.என்.எஸ். அவற்றைப் பிரித்துத் தடுக்காது. வாட்ஸ்அப்பில் "கல்யாணப் பத்திரிகை", "உதவித்தொகைப் பாரம்" என்று வரும் ஏ.பி.கே. கோப்பை நீங்களே திறந்து கைப்பேசியில் ஏற்றினால் எந்தக் காவலும் உதவாது. போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் மிரட்டும் தொலைபேசி அழைப்பையும் அது தடுக்காது.

ஆகவே மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். வங்கியின் பெயரைத் தேடாமல், வங்கி கொடுத்த முகவரியைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, அதையே தட்டுங்கள். அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து அல்லாமல் எந்தச் செயலியையும் ஏற்றாதீர்கள். கணினிகளிலும் கைப்பேசிகளிலும் வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

நேர்ந்துவிட்டால்

இத்தனைக்குப் பின்னும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் சொன்ன முதியவரின் வீட்டில் அதுதான் நடந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்று அந்தப் பிள்ளை இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளில் பணம் பல கணக்குகளைக் கடந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு நடவடிக்கை மையத்தின் எண் 997. நடந்ததை அறிந்த உடனே அவ்வெண்ணையோ உங்கள் வங்கியையோ அழையுங்கள். பின்னர் போலீஸ் புகார் செய்யுங்கள். முன்பின் தெரியாத கணக்கிற்குப் பணம் அனுப்புமுன், போலீசாரின் 'செமாக் மியூல்' பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைச் சரிபார்ப்பதும் நன்று.

பெற்றோர்களே, இன்றிரவே உங்கள் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: "தவறி எதை அழுத்தினாலும் உடனே எங்களிடம் சொல், நாங்கள் அடிக்கமாட்டோம்." இளைஞர்களே, உங்களில் கணினி அறிந்தவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு லயத்தைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் வீட்டுப் பெட்டியில் இந்த எண்களைப் பதித்துக் கொடுங்கள். ஒரு வீட்டிற்குக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரம், ஒருவர் ஆயுள் முழுதும் வெட்டிச் சேர்த்த பணத்தைக் காக்கக்கூடும்.