மறைவில் வாசித்த நால்வர்

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, 1965ஆம் ஆண்டில், ஆர்ட் நெவில் என்னும் ஓர்கன் வாத்தியக்காரர் கூட்டிய குழுவே பின்னர் 'மீற்றர்ஸ்' எனப் பெயர் பெற்றது. லியோ நொசென்டெல்லி கித்தார், ஜோர்ஜ் போர்ட்டர் பாஸ் கித்தார், ஜோசப் மொடெலிஸ்ட் மேளம்.

ஃபங்க் இசைக்கு உயிர் தாளமன்றோ! 1969இல் வெளிவந்த இவர்களது 'சிசி ஸ்ட்ரட்' இசைத்தட்டிலே குரலே இல்லை. மேளமும் கித்தாரும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு உரையாடுகின்றன. அந்த இடைவெளியையே யான் பெரிதும் வியப்பேன்.

பிறர் பாடல்களுக்கும் இவர்களே வாசித்தனர். அலன் டூசான்ட் தயாரிப்பில் 1973இல் டொக்டர் ஜோன் பாடிப் புகழீட்டிய தட்டிலும் ஒலிப்பவை இவர்கள் கைகளே. புகழ் பாடகரைச் சேர்ந்தது. 1975இலும் 1976இலும் றோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிகளுக்கு முன்னதாக மேடையேறினர். 1977இல் குழு கலைந்தது.

பின்வந்த ஹிப்-ஹொப் இசைஞரோ, அப்பழந்தட்டுகளின் தாளத்தைத் துண்டு துண்டாக வெட்டியெடுத்துத் தம் பாடல்களுக்கு அடித்தளமாக்கினர். கிராமி வாழ்நாள் விருது 2018இலேதான் வந்தது. மறு ஆண்டு ஜூலையில் நெவில் மறைந்தார்.