முதிர்ந்த கினிப்பன்றிக்குக் காப்புறுதி

களனி கங்கையின் வடகரையில், நீர்கொழும்பு வீதியை ஒட்டி அமைந்த வத்தளையிலே, பிள்ளைகளைக் கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டு முதியோர் மட்டும் வாழும் தமிழ் இல்லங்கள் பல உள. அத்தகைய இல்லம் ஒன்றை நேயர்கள் மனத்தில் அமைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குரிய பெரியவர் காப்புறுதி முகவராயிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலை இலண்டனில் வாழும் மகள் தொலைபேசியில் அழைக்கிறாள். பேரப்பிள்ளைகள் வளர்க்கும் கினிப்பன்றிகள் இரண்டினதும் காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது; கட்டணமோ சென்ற ஆண்டிலும் உயர்ந்திருக்கிறது. ஒன்றுக்கு வயது ஆறு, மற்றதற்கு நான்கு.

“அப்பா, கட்டுவதா, விடுவதா?” என்பது அவள் கேள்வி.

பெரியவருக்கு முதலில் சிரிப்பு வருகிறது. எனினும் நாற்பது ஆண்டு பார்த்த தொழில் அவரைச் சிந்திக்க வைக்கிறது.

கினிப்பன்றி பன்றியுமன்று, கினி நாட்டைச் சேர்ந்ததுமன்று. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணவுக்காக வளர்த்துப் பழக்கிய கொறிவிலங்கு அது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே செல்லப்பிராணியாயிற்று, ஆய்வுகூடத்துக்கும் போயிற்று. நோர்வே நாட்டு அறிஞர் ஒல்சுற்று, புரோலிக்கு இருவரும் மாலுமிகளை வாட்டிய சொறிகரப்பான் நோயை 1907ஆம் ஆண்டு இவ்வுயிரிடத்தே தோற்றுவித்துக் காட்டினர். மனிதரைப் போலவே இதுவும் ‘சீ’ உயிர்ச்சத்தைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள மாட்டாது. இதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆயுளோ பொதுவாக ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். ஆகவே ஆறு வயதுக் கினிப்பன்றி நம் கணக்கிலே பாட்டனார்தாம்.

விலங்குக்குக் காப்புறுதி என்பது நகைப்புக்குரிய புதுமையன்று. சுவீடன் தேசத்தில் 1890ஆம் ஆண்டிலேயே குதிரைக்கும் கால்நடைக்கும் காப்புறுதி தொடங்கிற்று. 1924இல் நாய்க்கும் வந்தது. பிரித்தானியாவில் 1947இல் செல்லப்பிராணிக் காப்புறுதி தோன்றியது. இலங்கையிலும் 1973ஆம் ஆண்டின் விவசாயக் காப்புறுதிச் சட்டம் நெல்லோடு கால்நடையையும் தன்னுள் அடக்கியது.

ஆனால் பசுவுக்கும் கினிப்பன்றிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பசு இறந்தால் ஒரு குடும்பத்தின் வருவாய் இறக்கிறது. அந்த நட்டத்தைத் தனியொருவன் தாங்கமாட்டான். ஆதலின் பலர் சேர்ந்து தாங்குகின்றனர். கினிப்பன்றி இறந்தால் வருவாய் ஏதும் குறைவதில்லை. அதன் காப்புறுதி ஈடு செய்வது பெரும்பாலும் மிருக வைத்தியரின் கட்டணத்தையே. ஆகவே அந்தக் கட்டணத்தைக் குடும்பம் தானே தாங்குமா என்பதே முதற் கேள்வி.

பெரியவர் தாளெடுத்துக் கணக்குப் போடுகிறார். மாதம் ஒன்றுக்கு 12 பவுண் என்று கொண்டால், இரண்டுக்குமாக ஆண்டுக்கு 288 பவுண். நோய் வந்தால் முதல் 60 பவுணை உரிமையாளரே ஏற்கவேண்டும். எஞ்சியதில் ஐந்திலொரு பங்கும் அவரையே சேரும் என்று ஒப்பந்தம் கூறுவதாகக் கொள்வோம். முதிர்ந்த பிராணிக்கு இப்படிப் பங்கு கேட்பது வழக்கந்தான். வைத்தியர் 400 பவுண் கேட்டால், நிறுவனம் தருவது 272 பவுண். நோய் வந்த ஆண்டிலும் கட்டியது முழுமையாகத் திரும்பவில்லை! மாறாக, பெரிய சத்திரசிகிச்சை செய்து 900 பவுண் கேட்டால் 672 பவுண் கிடைக்கும். அப்போது காப்புறுதி கைகொடுக்கிறது.

இங்கேதான் பெரியவர் மகளை ஒரு கேள்வி கேட்கிறார். “பிள்ளை, ஆறு வயதுப் பிராணியை மயக்கமருந்து கொடுத்து அறுக்க நீ சம்மதிப்பாயா?”

மகள் உடனே விடை சொல்லவில்லை. சிறிய உடம்பு, முதுமை, மயக்கமருந்தின் ஆபத்து, அதன்பின் உண்ணாமல் கிடந்தால் இரைப்பையும் குடலும் செயலிழக்கும் அச்சம். இவ்வளவையும் எண்ணிச் சம்மதியோம் என்று குடும்பம் முடிவு செய்தால், அந்தச் சிகிச்சைக்காகக் கட்டும் பணம் வீண். சம்மதிப்போம் என்றால், கையிருப்பில் 900 பவுண் இல்லாத குடும்பத்துக்குக் காப்புறுதி வேண்டியதே. பணக்கணக்குக்கு முன்னே தீர்க்கப்படவேண்டியது இந்த மனக்கணக்கு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, பிராணி மேசைமேற் கிடக்கும் வேளையிலே கண்ணீரோடு முடிவெடுக்கின்றனர்.

அடுத்து, ஒப்பந்தத்தின் விலக்குகளைப் படிக்கச் சொல்கிறார். காப்புறுதி தொடங்குமுன் இருந்த நோய்க்கு நட்டஈடு இல்லையென்பது ஏறக்குறைய எங்கும் உள்ள விதி. பல் நோய்க்குத் தனி நிபந்தனை இருத்தலும் உண்டு. மகள் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கிறாள். மூத்ததன் கடைவாய்ப்பல் தொல்லை சேருமுன்னரே இருந்ததால், அது விலக்கிலே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு இனி வரக்கூடிய தொல்லைகளுள் முதன்மையானதும் அதுவே.

ஆயினும் விட்டுவிடு என்று பெரியவர் உடனே சொல்லவில்லை. விட்ட காப்புறுதியை மீண்டும் பெறுதல் அரிது. முதிர்ந்த பிராணியைப் புதிதாய்ச் சேர்க்கச் சில நிறுவனங்கள் மறுக்கும். சேர்த்தாலும் இடையில் வந்த நோயெல்லாம் பழைய நோயாகிவிடும். ஆதலின் காலம் முடியுமுன் இரண்டையும் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பது அவர் கூற்று. அங்கே தெரியவரும் எதையும் நிறுவனத்திடம் மறைத்தலாகாது. மறைத்த செய்தி நட்டஈடு கோரும்போது முன்னே வந்து நிற்கும் என்பதைத் தொழிலிலே கண்டவர் அவர்.

முடிவு இரண்டாகப் பிரிகிறது. இளையதற்கு இன்னும் ஓராண்டு காப்புறுதி தொடரும். மூத்ததற்கு நிறுத்தி, அதே 12 பவுணை மாதந்தோறும் தனிக் கணக்கிலே இடுவது. மூத்தது மறைந்தாலும் அப்பணம் இளையதற்கு உதவும். கூட்டமாய் வாழும் இவ்வுயிர் தனித்திருத்தல் ஆகாதென்று சுவிற்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. எஞ்சியதற்குத் துணை தேடும் செலவும் வரும்.

வத்தளையில் இதே பிராணியை வளர்ப்போருக்குக் கவலை வேறு. கடலோரப் புழுக்கத்திலே வெப்பமே அதன் முதற் பகை. ஓடுவெயில் படாத, காற்றோடும் இடம் வேண்டும். நாள்தோறும் புல், சிறு துண்டு கொய்யா அல்லது குடமிளகாய். வீதியோரப் புகை படிந்த புல் ஆகாது.

தொலைபேசியை வைக்குமுன் பெரியவர் இன்னொன்று கேட்கிறார்: வீட்டிலே தராசு உண்டா? முதிர்ந்த கினிப்பன்றி நோயை மறைக்கும். எடை குறைவதே முதல் அறிகுறி. மகள் பேரனை அழைக்கிறாள். ஞாயிறுதோறும் இரண்டையும் நிறுத்து, திகதியோடு கொப்பியிலே எழுதும் வேலை அவனுக்கு ஒப்படைக்கப்படுகிறது.