இல்லறப் பொருத்தம்

மணம் பேசுமிடத்துத் தமிழர் பத்துப் பொருத்தம் பார்ப்பர். தினம், கணம் என்று தொடங்கி இரஜ்ஜு, வேதை வரை எண்ணப்படும் அவற்றுள் யோனிப் பொருத்தம் என்பதும் ஒன்று. நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கை வகுத்து, குதிரைக்கு எருமை பகை, பாம்புக்குக் கீரி பகை என்று கணக்கிட்டு, தம்பதிகளின் உடலின்பம் எவ்வாறு அமையுமெனச் சொல்லிவிடுவர். கணக்கு நுட்பமானதுதான். ஆயினும், மணமக்களிடம் ஒரு சொல்லும் கேளாமலே அது முடிந்துவிடுகிறது.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் கூறிய ஒப்பும் பத்தே. பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு முதலியவற்றோடு காமம், நிறை, அருள், உணர்வு என்பனவும் அங்கே இடம்பெறுகின்றன. காமத்தையும் அருளையும் ஒரே வரிசையில் வைக்க அப்புலவர் நாணினாரில்லை. அவ்விரண்டும் பிரிந்துவிட்டால் இல்லறத்தில் என்ன நேருமென்பதை மலைநாட்டில் காணலாம்.

பதுளைக்குச் செல்லும் புகைவண்டி தெமோதரையைக் கடந்து ஹாலிஎலயை அடையும்போது, தேயிலைச் சரிவுகளும் லயங்களின் நீண்ட கூரைகளும் கண்ணிற்படும். வெள்ளையர் காலத்து லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கணவன், மனைவி, பிள்ளைகள், சில வீடுகளில் மாமனார் மாமியார் ஆகிய அனைவரும் உறங்கும் இடம் அதுவே. சுவருக்கப்பால் அடுத்த வீட்டாரின் இருமலும் கேட்கும்.

விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கொழுந்துக் கூடையுடன் மலையேறும் பெண் மாலையிலேதான் திரும்புகிறாள். பிறகு தண்ணீர், விறகு, அடுப்பு. கணவனுடைய வேலையோ பல தோட்டங்களில் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. இரவில் அவன் நாடுவது இன்பம். அவள் நாடுவது உறக்கம். அவளுடைய அயர்வை வெறுப்பென்று அவனும், அவனுடைய விருப்பத்தை இரக்கமின்மையென்று அவளும் எண்ணிக்கொள்கின்றனர். கைக்கெட்டும் தூரத்தில் மாமியார் படுத்திருக்க, இதனை எவர் எவரிடம் எடுத்துரைப்பது? வள்ளுவர் காமத்துப்பாலை ஊடலுவகையோடு முடித்தார். ஆனால் ஒரே காம்பராவில் ஊடுவதற்குத்தான் இடமேது!

அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் இருவர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறையில் பெயர்பெற்றது. குறை கணவனுடையதா மனைவியுடையதா என்று பிரித்து நோக்காமல், தம்பதிகள் இருவரையும் ஒருங்கே வைத்து அவர்கள் சிகிச்சை செய்தனர். முதற்கட்டத்தில் கூடுதலையே விலக்கினர். மென்மையாகத் தொட்டு, எது இனிது, எது இனிதன்று என்று ஒருவருக்கொருவர் தெரிவிக்குமாறு பணித்தனர். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வும் நோக்கத்தக்கது. இளந்தம்பதிகளின் விருப்பங்கள் அளவிற் பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டிலும், தாம் பொருந்தியுள்ளோம் என்ற எண்ணமே அவர்களுடைய நிறைவோடு நெருங்கிய தொடர்புடையதாக அதிற் காணப்பட்டது. விருப்பத்தில் ஏற்றத்தாழ்வு எந்த வீட்டிலும் உண்டு. பேசாமல் விட்டால் அதுவே மனத்தில் பகையாக வளர்கிறது.

பொருத்தமின்மையென்று பலர் மயங்குவன சில வெறும் நோய்களே. நீரிழிவு, இரத்த அழுத்தம், அதற்கு உண்ணும் சில மருந்துகள், அளவு கடந்த குடி ஆகியவை ஆணின் ஆற்றலைக் குறைக்கும். கூடும்போது பெண்ணுக்கு நோவு உண்டாயின், அதனைப் பொறுத்துக்கொள்வது கற்பின் கடமையன்று. மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி அது. தோட்டத்திற்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கூறலாம். மனைவி இசையாதபோது வற்புறுத்துவதோ எந்தப் பொருத்தத்திலும் சேராது.

தனி வீடுகள் சில தோட்டங்களில் எழுந்துள்ளன. எனினும் லயத்திலேயே வாழும் குடும்பங்கள் இன்னும் பல. கதவுடைய அறை கிடைக்கும்வரை, தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் கணவன் ஏற்றுக்கொண்டால், மனைவியின் இரவு சற்றே இலகுவாகும். கடைத்தெருவிலிருந்து லயத்துக்கு ஏறும் வழியும் இருக்கிறது. அவ்வழியில் கணவன் பத்தடி முன்னே நடப்பதே வழக்கம். அவன் நடையைத் தளர்த்தி மனைவியோடு சேர்ந்து நடப்பானாயின், மாமியார் செவியில் விழாமல் பேசுவதற்கு அந்த ஏற்றம் முடியும் வரை நேரமுண்டு.