ஆராய்ச்சியில் நமக்குள்ள பங்கு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

நம் குலத்தவரின் இரத்தத்தைச் சோதிக்க வைத்திய ஆராய்ச்சியாளர் வருவாராயின் நாம் செய்யத்தக்கது யாது? கதவைச் சாத்துவதா? கையை நீட்டிவிட்டு வாளாவிருப்பதா? இரண்டும் தகா என்பதே அடியேன் விண்ணப்பம்.

2017-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி, தென்னாசியாவில் பரிசோதித்த 263 கூட்டத்தாருள் 81 கூட்டத்தார், ஐரோப்பிய வழி யூதரினும் மிகுதியாக, ஆதியில் சில குடும்பங்களினின்றே பெருகித் தம்முள்ளேயே கொண்டு கொடுத்து வந்தவர் என்று காட்டிற்று. அத்தகையோரிடத்துப் பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை மறைந்து நின்று, பிள்ளையிடம் நோயாய் வெளிப்படுதல் கூடும். இது ஒருவர்க்கும் இழிவன்று. ஆயினும் பெண்ணுக்கு வரன் தட்டுமென்றஞ்சி, பிணியுற்ற குழந்தையை மறைக்கும் குடும்பங்கள் எத்தனை!

மேற்சொன்ன யூதர் என் செய்தனர்? டே-ஸாக்ஸ் என்னும் நோய் அவர்தம் சிசுக்களைச் சில ஆண்டுகளிலேயே மாய்த்து வந்தது. 1971-ல் மைக்கேல் கபாக் என்னும் வைத்தியர் பால்டிமோர், வாஷிங்டன் நகரங்களில் சோதனை தொடங்குமுன், ஓராண்டுக்கு மேலாக அவர்தம் குருமாரோடும் சமூகத்தாரோடும் கலந்து பேசினார். ஊராரே தொண்டராயினர். பின்னாளில் அமெரிக்கா, கனடா தேசத்து யூதரிடையே அந்நோய் 100-க்கு 90 பங்குக்கு மேல் குறைந்தது. நான்கு குழந்தைகளை இழந்த ஜோசப் எக்ஸ்டீன் என்னும் குரு 1983-ல் டோர் யெஷோரிம் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். அங்கே சோதனைக்குப் பெயரில்லை, எண்ணே உண்டு. விவாகம் நிச்சயிக்குமுன் இருவர் எண்களையும் ஒப்பிட்டுப் பொருத்தம் மட்டும் சொல்வர். ஆதலின் எப்பெண்ணின் பெயரும் அம்பலமேறுவதில்லை.

பங்கில்லாதவர் கதை வேறு. அமெரிக்காவில் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் குடியினர், 1990 முதல் நீரிழிவின் காரணமறிய உதவுமென்று இரத்தம் ஈந்தனர். அரிஸோனா ஸ்டேட் சர்வகலாசாலையில் அது மனநோயையும், அவர் முன்னோர் வந்த வழியையும் ஆராயவும் உபயோகிக்கப்பட்டது. வழக்குத் தொடுத்து, 2010-ல் 7,00,000 டாலரும் எஞ்சிய இரத்தமும் பெற்றனர். குலைந்த நம்பிக்கையை எந்தத் தொகை மீட்கும்?

ஆகவே ஆராய்ச்சியாளரிடம் நாம் கேட்கத்தக்கவை இவை: இரத்தம் எதன்பொருட்டு? வேறு காரியத்திற்கு வேண்டின் மீண்டும் அநுமதி பெறுவாரா? பெயர் மறைவாயிருக்குமா? முடிவை நம் மொழியில் நமக்கு உரைப்பாரா? இன்ன நோயை முதலில் ஆராய்க என்று சொல்லும் உரிமை நமக்குண்டா?

ஒன்று மறவாதீர்கள். சங்கம் வினவலாம், ஆலோசனை கூறலாம். எவர் பொருட்டும் சம்மதம் அளித்தலாகாது. அவரவர் உடல் அவரவர்க்கே உரியது.

நம் சங்கம் இதற்கென ஒரு கமிட்டி நியமிக்க வேண்டும். அதில் முதல் ஆசனம் தனவந்தர்க்கன்று. பிணியுற்றோர்க்கும், பிணியுற்ற பிள்ளையைப் பேணும் தாய்மார்க்கும் உரியது. நோயின் தன்மையை அவரினும் அணுகி அறிந்தவர் யாவர்?