நத்தைக்கும் ஒரு பதிவேடு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



கடன், சேமிப்பு, விற்பனை பத்தி எனக்கு முன்னால் பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் நத்தையைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. மழைக்காலத்தில் ராத்திரி இருந்த கத்திரி நாத்து காலையில் இருக்காது. பக்கத்தில் பளபளன்னு ஒரு கோடு மட்டும் கிடக்கும். "அட்டை தின்னுடுச்சு"ன்னு உப்பைக் கொட்டுறோம். உப்பு மண்ணையும் சேர்த்துக் கெடுக்குது.

அது அட்டை இல்லை, ரத்தம் குடிக்காது. ஓடில்லாத நத்தை. கறுப்பா, முதுகு நடுவே வெளிர் கோட்டோட இருப்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு வகை. கூம்பு மாதிரி நீண்ட ஓட்டோட, விரல் நீளத்துக்கு வளர்வது ராட்சத ஆப்பிரிக்க நத்தை. அதை 1847-ல் பென்சன் என்பவர் மொரீசியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். இன்னைக்குப் பல மாநிலங்களில் பயிரைத் தின்னுது. ஆனா இந்த மண்ணுக்கே உரிய நத்தைகளும் உண்டு. அதில் பல, மக்கின இலையைத் தின்னு மண்ணை வளமாக்குது. எது எதுன்னு தெரியாம எல்லாத்தையும் கொன்னா நஷ்டம் நமக்குத்தான்.

அதுக்குத்தான் பதிவு. தேதி, பேர், தொகை இல்லாத வரவை நம்ம பதிவேட்டில் ஏத்துவோமா? இங்கேயும் அதே கணக்குதான். என்னைக்கு, எங்கே, என்ன படம் — மூணும் வேணும். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி இலவசம். சாயங்காலம் ஈரச் சாக்கை பாத்தி ஓரத்தில் விரிச்சு, காலையில் தூக்கிப் பாருங்க. முதுகு, வலது பக்கம், தலை, அடிப்பக்கம்னு நாலு படம் எடுங்க. அளவு தெரிய ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வைங்க. பேர் தெரியலைன்னா "நத்தை"ன்னு போட்டாலே போதும், ஊகத்தில் எழுத வேண்டாம். தெரிஞ்சவங்க பார்த்துப் பேர் சொல்லுவாங்க. ஒரே பேரை குறைஞ்சது ரெண்டு பேர் ஒத்துக்கிட்டா அது ஆய்வுத் தரப் பதிவாகும். நாம் அனுமதிக்கிற உரிமத்தைப் பொறுத்து, ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்கும் போகும். யார் வேணும்னாலும் காசில்லாம பார்க்கலாம்.

ரெண்டு எச்சரிக்கை. நத்தையை வெறுங்கையால் தொடாதீங்க. அதில் இருக்கக்கூடிய ஒரு புழு மூளையைப் பாதிக்கிற நோயைத் தரும். தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. கீரையை நல்லா அலசிச் சமையுங்க. அடுத்தது, வீட்டுத் தோட்டத்துப் படம்னா செயலியில் இடத்தை மறைக்கிற வசதியைப் போடுங்க. வெளியே தோராயமான வட்டாரம் மட்டும்தான் தெரியும். நம்ம வீட்டு வாசலை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை.

ஆராய்ச்சி செய்யறவங்க நம்ம புழக்கடைக்கு ராத்திரியில் வரப் போறதில்லை. அங்கே தினமும் நிக்கிறது நாமதான். நாளைக்கு வேளாண்மை அலுவலகத்தில் போய் "நாத்து போச்சு"ன்னு நிக்கும்போது, எந்த நத்தை, எந்த மாசம், எத்தனை தோட்டம்னு காட்ட நம்ம கையில் பதிவு இருக்கணும். அதனால், குழுவுக்கு ஒருத்தர் வீதம் இந்த மழைக்காலத்தில் பத்துப் பதிவு போடணும்னு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்க. செல்போன் இல்லாத அக்காவுக்குப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி எடுத்துக் கொடுக்கட்டும்.